கடலின் அன்றாடங்காய்ச்சி

ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் ப்யூசம் என்றொரு சிறிய துறைமுக ஊர். இறால் படகுகளுக்குப் பேர்போன இடம். ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வனவிலங்கு ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கரைகளில் செத்து ஒதுங்கும் கடற்பன்றிகள் இந்தக் கூடத்து மேசைக்கு வந்து சேர்கின்றன. வயிற்றைத் திறந்து, நுரையீரலைப் பிளந்து, காதெலும்பு வரை குடைந்து பார்க்கிறார்கள். ஒரு பல்லைப் பிடுங்கி, மெல்லிய சீவலாக நறுக்கி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். பல்லில் ஆண்டுக்கு ஒரு படலம் படியும். அதை எண்ணினால் செத்த விலங்கின் வயது தெரிந்துவிடும்.

ஜெர்மன் கரைகளில் 1990 முதல் 2016 வரை கிடைத்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண் கடற்பன்றிகளை இப்படி ஆராய்ந்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண் கடற்பன்றி பருவம் எய்த ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. துல்லியமாகச் சொன்னால் 4.95. பால்டிக் கடல் பக்கம் இறந்துபோன பெண்களின் சராசரி வயதோ 3.67. அதாவது மூன்று வயது எட்டு மாதம். வடகடல் பக்கம் கொஞ்சம் தேவலை: 5.70.

இறந்தவற்றை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. கடலில் நீந்திக்கொண்டிருப்பவற்றின் ஆயுளை அப்படியே காட்டிவிடாது. ஆனாலும், இருபது வயதைத் தாண்டி வாழக்கூடிய ஒரு பாலூட்டி தலைப்பிள்ளை பெறுவதற்கு முன்பே இத்தனை எண்ணிக்கையில் சாகிறது என்றால் எங்கோ பெரிய கோளாறு இருக்கிறது. நோயா, வலையா, பசியா, சத்தமா? நான்கும் என்றுதான் அந்தச் சடலங்கள் சொல்கின்றன. நான்கும் எப்படி ஒரே உடம்பில் வந்து முட்டுகின்றன என்று புரிந்துகொள்ள, முதலில் அந்த உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தின்றால்தான் சூடு

ஆங்கிலத்தில் போர்பாய்ஸ் எனப்படும் கடற்பன்றியை ஓங்கிலோடு, அதாவது டால்பினோடு, குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஓங்கிலுக்கு நீண்ட அலகு, கூம்பு வடிவப் பற்கள், கப்பலுக்கு முன்னால் துள்ளி விளையாடும் சுபாவம். கடற்பன்றிக்கு அலகே கிடையாது. மழுங்கிய முகம், நுனி தட்டையான சிறு பற்கள். படகைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும். மூச்சுவிட ஒரு கணம் முதுகைக் காட்டும், அவ்வளவுதான். மரபணு ஆய்வுகளின்படி ஓங்கிலைவிட ஆர்க்டிக் கடலின் பெலுகா, நார்வால் திமிங்கிலங்கள்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். உலகில் ஏழு இனங்கள் உண்டு. யாங்சி ஆற்றில் வாழ்வதைத் தனி இனமாகக் கொள்பவர்களுக்கு எட்டு. ஐரோப்பியக் கரைகளில் வாழும் துறைமுகக் கடற்பன்றிதான் இவற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்டது.

ஒன்றரை மீட்டர் நீளம், ஐம்பது அறுபது கிலோ எடை. பெண் ஆணைவிடப் பெரிது. எடையில் ஒரு மனிதருக்குச் சமமான இந்த உடம்பை வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் உறைநிலையை நெருங்கும் நீரில் நம்முடையதைப் போன்ற உடல்சூட்டை விடாமல் காக்க வேண்டும். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் வெப்பத்தைப் பறித்துக்கொள்ளும். நீலத்திமிங்கிலத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. பருமனோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு குறைவு, கொழுப்படுக்கும் கனமானது. சிறிய உடம்புக்குக் கணக்கு தலைகீழ். தோல்வழியே சூடு கசிந்துகொண்டே இருக்கும். திமிங்கிலக் குலத்திலேயே மிகச் சிறியவற்றில் ஒன்றான கடற்பன்றிக்கு வேறு வழியில்லை, விடாமல் தின்றாக வேண்டும்.

எவ்வளவு தின்கிறது? டென்மார்க்கில் கரையோரமாகக் கட்டும் அடைப்பு வலைகளுக்குள் கடற்பன்றிகள் சில சமயம் நுழைந்து மாட்டிக்கொள்ளும். மேலே வந்து மூச்சுவிட இடம் இருப்பதால் அவை சாவதில்லை. அப்படி அகப்பட்ட ஐந்தின் முதுகில் ஆய்வாளர்கள் உறிஞ்சுகிண்ணங்களால் ஒலிப்பதிவுக் கருவியை ஒட்டி விடுவித்தார்கள். கடற்பன்றி எழுப்பும் ஒலி, அது மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலி, வாய் நெருங்கும்போது மீன் துடித்து விலகுவது எல்லாம் அந்தக் கருவியில் பதிவாயின. 2016-இல் வெளியான முடிவு துறையையே அசரவைத்தது. மணிக்கு 550 மீன்கள் வரை குறிவைக்கிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் தப்புவதில்லை. எல்லாம் மூன்று முதல் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள பொடிமீன்கள். இரவு பகல் என்ற பேதம் கிடையாது.

இதற்கு மறுப்பும் வந்தது. வலைக்குள் பல மணி நேரம் அடைபட்டுக் கிடந்தவை வெளியே வந்ததும் பசியில் பாய்ந்திருக்கும், அதை அன்றாட வழக்கமாக எடுத்துக்கொள்ளலாமா என்று 2018-இல் வேறொரு குழு கேட்டது. நியாயமான கேள்விதான். கொழுத்த பெரிய மீன் கிடைத்தால் கொஞ்ச நேரத்திலேயே வயிறு நிறைந்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, சுதந்திரமாகத் திரியும் கடற்பன்றி செலவழிக்கும் ஆற்றலை அளந்து, அதே எடையுள்ள தரைவிலங்கைவிட இரண்டு மடங்கு வரை அது போகிறது என்று காட்டியது. மணிக்கு 550 என்ற எண்ணைப் பற்றிச் சண்டை போடலாம், செலவைப் பற்றிப் போட முடியாது.

சுருக்கமாகச் சொன்னால் இது ஓர் அன்றாடங்காய்ச்சி. இன்று பிடித்தது இன்றைய சூட்டுக்கு. கொழுப்பு என்ற கையிருப்பு உண்டு, ஆனால் அதுதான் குளிரைத் தடுக்கும் போர்வையும். பசியில் கொழுப்பை எரித்தால் போர்வை மெலியும், குளிர் ஏறும், இன்னும் அதிகமாகத் தின்ன வேண்டிவரும். ஓரிரு நாள் வருமானம் நின்றாலும் இந்தச் சுழலில் விழுந்துவிடும்.

ஸ்காட்லாந்துக் கரையில் இது நடந்தது. வசந்த காலத்தில் அங்குள்ள கடற்பன்றிகளுக்குச் சோறு, மணலுக்குள் புதைந்து வாழும் சாண்ட்ஈல் என்ற சிறுமீன். 1993 முதல் 2001 வரையான வசந்தங்களில் இறந்து ஒதுங்கியவற்றில் பட்டினியால் செத்தவை 5 சதவீதம். 2002, 2003 வசந்தங்களில் வயிற்றில் சாண்ட்ஈல் குறைவாக இருந்தது. பட்டினிச் சாவு 33 சதவீதம்.

சத்தத்தை நம்பி ஒரு பிழைப்பு

பொடிமீனை இருட்டிலும் கலங்கலிலும் கண்டுபிடிக்க உதவுவது கண் இல்லை. நெற்றிக்குள், மூக்குத் துவாரத்துக்குக் கீழே இருக்கும் உதடு போன்ற மடிப்புகளில் காற்றை அழுத்தி, கடற்பன்றி நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் 'கிளிக்' ஒலிகளை எழுப்புகிறது. நெற்றியில் உள்ள கொழுப்புத் திரள் அதை ஒளிக்கற்றை போல் குவித்து முன்னால் அனுப்பும். எதிரொலி கீழ்த்தாடைக் கொழுப்பு வழியாக உட்காதுக்குப் போகும். மீனை நெருங்கும்போது கிளிக்குகள் நொடிக்கு நூற்றுக்கணக்காக அடர்ந்து ஒரே ரீங்காரமாகிவிடும்.

இந்த ஒலியின் அலைவரிசை 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. நம் காது 20-க்கு மேல் கேட்காது. கடற்பன்றியை வேட்டையாடும் ஓர்கா திமிங்கிலத்தின் காதும் 100-ஐத் தாண்டினால் மந்தம். எதிரியின் காதில் விழாத சுருதியிலேயே பேசவும் தேடவும் கற்றுக்கொண்ட குலம் இது என்பது பரவலான கருத்து. ஓங்கில்கள் சீழ்க்கை அடித்து ஊரைக் கூட்டும். கடற்பன்றி சீழ்க்கையே அடிப்பதில்லை. தாயும் குட்டியும் பேசிக்கொள்வதும் அதே கிளிக்குகளில்தான்.

மூச்சை அடக்குவதிலும் நுட்பம் உண்டு. டென்மார்க்கின் கெர்டெமிண்டே ஊரில் உள்ள மையத்தில் பழக்கப்பட்ட கடற்பன்றிகளுக்கு, இப்போது 20 நொடி முங்க வேண்டுமா 80 நொடியா என்று முன்கூட்டியே சைகை காட்டினார்கள். நீண்ட முங்கல் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே இதயத் துடிப்பை அதிகமாகக் குறைத்துக்கொண்டன. இதயத் துடிப்பைத் தன் திட்டத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் விலங்கு இது என்று 2016-இல் அந்த ஆய்வு வெளியானது.

இவ்வளவு நுட்பமான காதுக்கு இன்றைய கடல் எப்படி இருக்கும்? கப்பல் சத்தம் எப்போதும் உண்டு. விரைவுப் படகு ஒன்று நெருங்கியபோது, முதுகில் கருவி சுமந்த ஒரு கடற்பன்றி மீன்பிடிப்பதை நிறுத்தி, கிளிக் எழுப்புவதையும் நிறுத்தி, தரையை நோக்கி விரைந்து முங்கியது பதிவாகியிருக்கிறது. கடலில் காற்றாலைத் தூண்களை அடித்து இறக்கும் சத்தம் இன்னும் மோசம். தடுப்பு ஏற்பாடு இல்லாமல் அடித்த இடங்களில் இருபது கிலோமீட்டர் தொலைவு வரை கடற்பன்றிகள் விலகிப் போயின. ஜெர்மனி இதற்கு வரம்பு வைத்தது: 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதற்காகத் தூணைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாயைப் போட்டு, காற்றுக் குமிழிகளால் திரை எழுப்புகிறார்கள். ஓசை அந்தத் திரையில் பெருமளவு அடங்கிவிடுகிறது. காற்றாலையே வேண்டாம் என்பதற்கு இதை ஆதாரமாக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெதர்லாந்தின் எக்மோன்ட் ஆன் ஸே காற்றாலைப் பண்ணை கட்டி முடிக்கப்பட்டு ஓடத் தொடங்கிய பிறகு, வெளியே இருப்பதைவிட உள்ளே கடற்பன்றி நடமாட்டம் அதிகமாகவே பதிவானது.

வெடி விவகாரம் வேறு வகை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் போட்ட கண்ணிவெடிகள் ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் இடைப்பட்ட ஃபேமர்ன் நீரிணையில் கிடந்தன. 2019 ஆகஸ்ட் கடைசியில் அவற்றில் 42-ஐக் கடற்படையினர் நீருக்குள்ளேயே வெடிக்கவைத்தார்கள். அது ஒரு பாதுகாக்கப்பட்ட பகுதி. குட்டிகள் தாயோடு திரியும் பருவம். அடுத்த வாரங்களில் கரை ஒதுங்கிய 24 கடற்பன்றிகளை ஆராய்ந்ததில் 10 வெடியதிர்ச்சியால் செத்திருந்தன. நடுக்காதின் குட்டி எலும்புகள் இடம்பெயர்ந்தும், ஒலியை ஏந்தும் தாடைக் கொழுப்பில் இரத்தம் கட்டியும் கிடந்தன. ஜெர்மன் கடல்களின் அடியில் இன்னும் 16 லட்சம் டன் வெடிபொருள் இருப்பதாக அந்நாட்டு அரசே கணக்குச் சொல்கிறது. வெடிக்காமல் அள்ளி எடுக்கும் முறைகளுக்கு இப்போதுதான் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காதுகளுக்குத் தாமதமான மருந்து.

தாய்ப்பாலில் வரும் நஞ்சு

நுரையீரலுக்கு வருவோம். ஜெர்மன் கரைகளில் கிடைக்கும் வளர்ந்த கடற்பன்றிகளில் நுரையீரல் புழு இல்லாதது அபூர்வம். மூச்சுக்குழாயில் கற்றையாக நெளியும் புழுக்கள், நுரையீரல் இரத்தக் குழாய்களை அடைக்கும் புழுக்கள், காதின் குழிகளில் ஆயிரக்கணக்கில் குடியிருக்கும் வேறொரு வகை, இரைப்பையில் அனிசாகிஸ் புழு, கல்லீரலில் தட்டைப்புழு. பால்குடிக் குட்டிகளிடம் இவை பெரும்பாலும் இருப்பதில்லை; மீன் தின்னத் தொடங்கியதும் ஏறிக்கொள்கின்றன.

புழு இருப்பதே நோய் என்று சொல்லிவிட முடியாது. நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்துக் கடற்பன்றிகளிலும் புழுக்கள் உண்டு. ஆனால் ஜெர்மன் நீரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால் அங்கே நுரையீரல் அழற்சியும் பாக்டீரியாத் தொற்றும் குறைவு. ஒட்டுண்ணி பொது, சீக்கு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எதிர்ப்புச் சக்தியை ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்ற சந்தேகம் இங்கேதான் வருகிறது.

சந்தேகப் பட்டியலில் முதலிடம் பிசிபி எனப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்களுக்கு. மின்மாற்றி எண்ணெயிலும் பெயின்டிலும் கட்டட இணைப்புப் பூச்சுகளிலும் ஒரு காலத்தில் ஊற்றித் தள்ளிய வேதிப்பொருள்கள். ஐரோப்பாவில் 1980-களிலேயே தடை வந்துவிட்டது. ஆனால் அவை அழிவதில்லை. நுண்ணுயிரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து கடற்பன்றிக்கு என்று படிப்படியாகச் செறிந்து கொழுப்பில் தங்கிவிடுகின்றன. பிரிட்டனில் 1990 முதல் கரை ஒதுங்கும் திமிங்கில இனங்களை முறையாக அறுத்துப் பார்க்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. அந்தச் சேகரிப்பை வைத்து, தொற்றுநோயால் செத்தவற்றில் பிசிபி அளவு அதிகம் என்று 2005-இல் காட்டினார்கள். 2015-இல் வந்த ஆய்வு இன்னும் கொடியது: பருவமெய்திய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிடம் கருக்கலைவு, செத்துப்பிறத்தல், பிரசவச் சிக்கல் என ஏதோ ஒரு வகையில் பேறு தவறிய நேரடித் தடயம் இருந்தது.

ஆண் சேர்த்த நஞ்சு ஆணிடமே இருக்கும். பெண் அதைப் பாலில் இறக்கிவைக்கிறாள். கடற்பன்றிப் பால் கொழுப்பு மிகுந்தது. கொழுப்போடு பிசிபியும் போகும். பல ஆண்டுகள் சேர்ந்ததில் பெரும்பங்கு தலைப்பிள்ளைக்கு. மூளை வளரும் பருவத்தில் இருக்கும் குட்டிகளிடம், பெரியவற்றைவிட நரம்புக்குக் கேடு செய்யும் பிசிபி வகைகள் கூடுதலாக இருந்ததை 2020-இல் கண்டார்கள். பட்டினியிலும் இதே கதை: கொழுப்பு கரையும்போது அதில் பூட்டி வைத்திருந்த நஞ்சு இரத்தத்தில் இறங்குகிறது. மெலிந்த உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில்.

கர்ப்பம் பத்து, பதினொரு மாதம். கோடையில் ஒரே ஒரு குட்டி. ஈன்ற ஓரிரு மாதங்களிலேயே மறுபடி சூல் கொள்ள முடியும், அதனால் ஒரு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே வயிற்றில் இன்னொன்றைச் சுமக்கும் தாய்கள் உண்டு. மேலே சொன்ன செலவுக் கணக்கில் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.  

திடீர்ச் சாவுகளும் உண்டு. 2021 ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும், சில நாள்களுக்குள் நெதர்லாந்தின் வாடன் தீவுகளில் சுமார் 190 கடற்பன்றிகள் செத்து ஒதுங்கின. உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தபோது, எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியா உறுப்புகளெங்கும் பரவியிருந்தது. பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கிருமி. மீன், இறைச்சி அறுப்பவர்களின் கையில் வெட்டுக்காயம் வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஒரே சமயத்தில் இத்தனை கடற்பன்றிகள் அதற்குப் பலியானது அதற்கு முன் கேள்விப்படாதது. அடுத்த ஆண்டே ஸ்வீடன் கரையில் ஒரு கடற்பன்றி தள்ளாடி ஒதுங்கி இறந்தது. மூளையில் இருந்தது எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ். கடற்பன்றிகளில் அதுவே முதல் பதிவு.

இயற்கை எதிரிகளும் சும்மா இல்லை. நெதர்லாந்து, பெல்ஜியம் கரைகளில் கொழுப்பு கிழித்தெடுக்கப்பட்ட சடலங்கள் ஒதுங்கியபோது கப்பல் விசிறிகள்மேல் பழி போட்டார்கள். காயங்களில் கிடைத்த மரபணு, சாம்பல் நிறக் கடல்நாய்தான் குற்றவாளி என்று காட்டிக்கொடுத்தது. ஸ்காட்லாந்தின் மோரே விரிகுடாவில் ஓங்கில்கள் கடற்பன்றிகளை விலா எலும்பு நொறுங்க முட்டிக் கொல்வதை 1996-இல் விரிவாக எழுதினார்கள். கொன்று தின்பதும் இல்லை, சும்மா விட்டுப்போகின்றன. ஓங்கில் என்றாலே சிரித்த முகம் என்று நினைப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி.

மருந்தைவிட வலை முக்கியம்

ஆனால் இந்த நோய்ப்பட்டியல் முழுவதையும் ஓரம்கட்டும் ஒரு காரணம் இருக்கிறது: செவுள் வலை. மெல்லிய நைலான் இழை, கடற்பன்றியின் கிளிக்குக்கு மிக மங்கலான எதிரொலியையே தருகிறது. வலைக்குள் தலை மாட்டிய சில நிமிடங்களில் மூச்சு முட்டிச் சாகும். வடகடலில் மூன்று லட்சத்துக்கு மேல் கடற்பன்றிகள் இருப்பதால் அங்கே இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் டென்மார்க்கைச் சுற்றிய நீரிணைகளில் 2016-இல் 42,000 என்று மதிப்பிட்ட கூட்டம் 2022 கணக்கெடுப்பில் 14,400-ஆக இருந்தது. பால்டிக்கின் நடுப்பகுதியில் 2011 முதல் 2013 வரை கடலடியில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக் கேட்டுப் போட்ட மதிப்பு, ஏறக்குறைய 500. அங்கே ஒரு வலையில் ஒரு பெண் செத்தாலும் கணக்கில் உறைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல்தான் அப்பகுதியின் சில இடங்களில் செவுள் வலைக்குத் தடை போட்டது.

உடம்பு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் வலை விடாது என்பதற்கு மெக்சிகோவின் வாக்கிட்டா சாட்சி. கலிபோர்னியா வளைகுடாவின் மேல்முனையில் மட்டும் வாழும் இக்குட்டிக் கடற்பன்றி 1958-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. 1997-இல் 567 இருந்தன. தோத்தோவாபா என்ற பெரிய மீனின் நீச்சல்பைக்குச் சீனச் சந்தையில் கிடைக்கும் கொள்ளை விலைக்காக விரித்த திருட்டு வலைகளில் மாட்டி மாட்டி, 2024 கணக்கெடுப்பில் கண்ணில் பட்டவை 6 முதல் 8. அவற்றையும் பிடித்துக் காப்பிடத்தில் வளர்க்கலாம் என்று 2017-இல் முயன்றார்கள். பிடித்த இரண்டில் ஒன்றை அதன் பதற்றத்தைப் பார்த்து விடுவித்தார்கள். இன்னொன்று, வளர்ந்த பெண், அதிர்ச்சியில் செத்தது. திட்டம் அத்தோடு நின்றது. எண்ணிக்கை இவ்வளவு குறைந்துவிட்டதால் உறவுக்குள் கலந்து குலமே நலிந்திருக்கும் என்று பலர் கைகழுவினார்கள். 2022-இல் வந்த மரபணு ஆய்வு அதை மறுத்தது. வாக்கிட்டாக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகவே சிறு கூட்டமாக வாழ்ந்து, கேடான மரபணுக்களைப் பெருமளவு களைந்துவிட்டவை. வலைச்சாவு நின்றால் மீண்டுவிடும். மிச்சமிருப்பவை கொழுகொழுவென்று குட்டிகளோடு திரிவதைக் கணக்கெடுத்தவர்களும் பார்த்திருக்கிறார்கள்.

நேர்மாறான கதை யாங்சி ஆற்றில். அதே நதியில் வாழ்ந்த பைஜி ஓங்கிலை 2006-இல் ஆறு வாரம் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்து போகப்போவது முதுகுத்துடுப்பு இல்லாத யாங்சிக் கடற்பன்றிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2006-இல் சுமார் 1,800, 2012-இல் 1,045, 2017-இல் 1,012. ஹூபேய் மாகாணத்தின் தியான்-அ-ஜோ என்ற குதிரைலாட ஏரியில் 1990-களிலிருந்தே ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து விட்டு வளர்த்தார்கள். வலை இல்லாத, கப்பல் இல்லாத அந்த நீரில் அவை தாமாகப் பெருகின. 2021 ஜனவரி 1 முதல் யாங்சியில் பத்தாண்டு மீன்பிடித் தடை வந்தது. 2022 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 1,249. கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து முதல்முறையாக ஏறுமுகம். ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலத்துக்கே நம் கிழக்குக் கரை மீனவர் குடும்பங்கள் என்ன பாடுபடுகின்றன என்று நமக்குத் தெரியும். அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் தொழிலையே விட்டார்கள். கடற்பன்றி பிழைத்ததற்கான விலையை அவர்கள் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே இந்த வெற்றியைச் சொல்ல வேண்டும்.

நம் கரையில்

யாங்சிக் கடற்பன்றியின் கடல்வாழ் உறவு நம்மிடமும் இருக்கிறது. முதுகுத்துடுப்பு இல்லாத இந்திய-பசிபிக் கடற்பன்றி, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆழம் குறைந்த கரைநீரில் வாழ்கிறது. 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே இந்த இனத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் கையில் இருந்த மாதிரி மலபார் கரையிலிருந்து போனதாகவே கருதப்படுகிறது. சாம்பல் உடம்பு, முதுகில் துடுப்புக்குப் பதிலாகச் சொரசொரப்பான ஒரு மேடு. கூட்டமாகத் துள்ளாது, படகைத் தேடி வராது. அதனால் ஓங்கிலைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கும் ஊரில் இதைப் பார்த்தவர் ஒருவர் இருந்தால் அதிகம். பெரும்பாலும் செவுள் வலையில் செத்த உடலாகவோ கரையில் அழுகிய உடலாகவோதான் கண்ணில் படுகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் விலங்கு இது.

ஐரோப்பியக் கடற்பன்றிகளைப் பற்றி மேலே எழுதியதில் பெரும்பகுதி செத்த உடல்கள் சொன்னது. யாரோ ஒருவர் கரையில் பார்த்து, புதைக்காமல், உரியவர்களுக்குச் சொன்னதால் கிடைத்த அறிவு. நம் கரைகளிலும் அதைச் செய்யலாம். கடற்பன்றியோ ஓங்கிலோ செத்து ஒதுங்கியிருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளையும் நாய்களையும் விலக்கி வையுங்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், கால்நடை மருத்துவர் வந்து பார்க்கும்வரை புதைக்க விடாதீர்கள். உயிரோடு ஒதுங்கினால் வாலைப் பிடித்து இழுக்கவோ உடனே கடலுக்குள் தள்ளவோ வேண்டாம். தலையின் உச்சியில் இருக்கும் மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ போகாமல் பார்த்துக்கொண்டு, ஈரத்துணியால் உடம்பை மட்டும் மூடி, வெயில் படாமல் மறைத்து, கூட்டத்தையும் செல்போன்களையும் தள்ளி நிறுத்தி, வனத்துறையினர் வரும்வரை காத்திருங்கள். வலையில் உயிரோடு சிக்கியதைக் கண்டால், வலைக்கண்ணை அறுத்தாவது விட்டுவிடுங்கள்.